அல்ஹதா மலையிலிருந்து இறங்கிய காலை

புனித மக்காவுக்குச் செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் ஜித்தா விமான நிலையத்தில் இறங்கி, பேருந்தில் ஏறி, தல்பியா முழங்கியவாறு ஒன்றரை மணி நேரத்தில் ஹரம் எல்லையை அடைந்து விடுகின்றனர். அவர்கள் காணாத வேறொரு வாயில் அந்தத் திருநகருக்குக் கிழக்கே உண்டு. நஜ்து பாலைவனத்தைக் கடந்து, தாயிஃப் நகரில் ஏறி, அல்ஹதா மலையின் வளைவுகளில் இறங்கி வரும் வழி அது. ரியாதிலும் தம்மாமிலும் தொழில் செய்யும் நம் சகோதரர்கள் இப்போது குடும்பத்தோடு காரிலேயே அவ்வழியாக உம்ராவுக்குச் செல்கின்றனர். ஊரிலிருந்து தாயையும் தந்தையையும் வருகை விசாவில் வரவழைத்து, 'காரிலேயே போய் வரலாம், எட்டு மணி நேரம்தான்' என்று அவர்கள் சொல்லும்போது, அந்த எட்டு மணி நேரத்தில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதை நீங்களும் அறிந்திருத்தல் நலம் என்றே இதனை எழுதுகிறேன்.

2023 பிப்ரவரி மாதம் 22ஆம் நாள், சவூதி அரேபியாவின் நிறுவன நாள் விடுமுறையன்று, ஃபஜ்ருத் தொழுகையை முடித்துக்கொண்டு ரியாதிலிருந்து புறப்பட்டோம். என் தங்கையின் கணவருடைய ஏழு இருக்கைக் கார். ஓட்டுநர் இருக்கையில் மச்சான்; அருகில் நான்; நடுவில் உம்மாவும் தங்கையும் என் மனைவியும்; பின்னால் தங்கையின் பிள்ளைகள் இருவர். உம்ராவுக்கான அனுமதியை நுஸுக் செயலியில் முன்னரே பதிவு செய்திருந்தோம்.

சாலையின் வலப்பக்கம் செல்வது அந்நாட்டு வழக்கம். ஓட்டுநரின் இருக்கை இடப்புறம். ஆகவே, நம் ஊரில் ஓட்டுநர் அமரும் பக்கத்தில் நான் ஒன்றும் செய்ய இயலாதவனாக அமர்ந்திருந்தேன். எதிரே ஒரு வண்டி திரும்பினாலும் என் வலது கால் தானாகவே தரையை அழுத்தும். அங்கே பிரேக் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக ரியாதில் வண்டியோட்டும் மச்சான் அதனைக் கண்டு சிரித்தார். 'மச்சான், அந்த இடத்துல ஓட்டை விழுந்துடப் போவுது' என்றார்.

நகரைவிட்டு வெளியேறிய சிறிது நேரத்தில் துவைக் மலைத்தொடரின் விளிம்பு வருகிறது. ரியாத் ஒரு மேட்டுநிலத்தில் இருக்கிறது என்பதே அங்கு வந்த பின்னர்தான் புலப்படும். சாலை சட்டெனச் சரிந்து சமவெளியில் இறங்க, பாறைச்சுவர் நமக்குப் பின்னால் வரிசையாக நிற்கிறது. அதன் பிறகு தாயிஃப் வரை, ஏறத்தாழ 780 கிலோ மீட்டர், நேர்க்கோடு போன்ற நெடுஞ்சாலை. 2018ஆம் ஆண்டில் இச்சாலையில் வேக வரம்பை மணிக்கு 140 கிலோ மீட்டராக உயர்த்தினர். நம் ஊர்ப் பேருந்தில் அறுபதுக்கே பழகிய உடல், 140இல் செல்லும்போது வேகத்தை உணர்வதில்லை. வேகம் இல்லை என்றே எண்ணுகிறது. அதுவே ஆபத்து. 2010 முதல் நடைமுறையிலுள்ள 'ஸாஹிர்' என்னும் கேமரா முறையால் வரம்பை மீறுவோர் தண்டம் கட்டுகின்றனர். ஆயினும் இடப்புற ஓரத் தடத்தில் பின்னாலிருந்து விளக்கை மின்னி மின்னி விரட்டி வருவோருக்குப் பஞ்சமில்லை.

என்னை முன்னிருக்கையில் அமர்த்தியதற்கு ஒரு காரணம் இருந்தது. பேசிக்கொண்டே வரவேண்டும் என்பது மச்சான் எனக்கிட்ட பணி. இருபுறமும் ஒரே நிறம், ஒரே வெயில், ஒரே ஓசை. கண் திறந்திருக்கும்போதே உறக்கம் வந்து அமரும் சாலை அது. ஆகவே ஒரு மதரஸா ஆசிரியனுக்குத் தெரிந்ததெல்லாம் பேசினேன். மாணவர்களைப் பற்றிப் பேசினேன். ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகத் தேர்தலைப் பற்றிப் பேசினேன். கடைசியில் சொன்னதைக் கேட்டு மச்சானுக்கு உண்மையிலேயே தூக்கம் கலைந்தது.

சாலையோரம் நெடுகக் கம்பிவேலி. ஒட்டகங்களைத் தடுப்பதற்கு அது. இரவில் ஒட்டகம் குறுக்கே வந்தால் நிகழ்வதைக் கேட்டால் வேலியின் அருமை விளங்கும். அதன் கால்கள் நெடியவை. உடலோ உயரத்தில் இருக்கிறது. காரின் முகப்பு கால்களைத் தட்டிவிட, பல நூறு கிலோ எடையுள்ள உடல் கண்ணாடியின் மீதும் கூரையின் மீதும் வந்து விழுகிறது. முகப்பு விளக்கின் ஒளியும் கால்கள் மீதே படுவதால் தொலைவில் அதனைக் கண்டுகொள்வதும் அரிது. இரவுப் பயணம் வேண்டாம் என்று மச்சான் முடிவு செய்தது இதனாலேயே. நீங்கள் செல்வதாயினும் அந்த முடிவையே எடுங்கள்.

குவைஇய்யாவில் தேநீர் அருந்திப் புறப்பட்ட பின் காற்று எழுந்தது. முதலில் தார்ச்சாலையின் மீது மணல் பாம்பு பாம்பாக ஊர்ந்தது. பின்னர் முன்னே சென்ற டேங்கர் லாரி மஞ்சள் புகையில் கரைந்தது. மச்சான் வேகத்தைக் குறைத்து வலப்புறத் தடத்திற்கு வந்தார். பெரிய லாரி ஒன்றை முந்தும்போதெல்லாம் கார் ஒருமுறை அதன் பக்கம் இழுபடும். லாரியின் மறைப்பு நீங்கியதும் காற்று மறுபுறம் தள்ளும். நடு இருக்கையில் உம்மாவின் திக்ரு ஓசை சற்று உயர்ந்தது. அப்போதுதான் தங்கை, "கொஞ்ச நேரம் நான் ஓட்டட்டுமா, நீங்க கண்ணை மூடிக்குங்களேன்" என்றாள்.

வாசகர்கள் அறிவீர்கள், சவூதியில் பெண்கள் வாகனம் ஓட்டுவதற்கு 2018 ஜூன் 24 முதல் அனுமதி உண்டு. தங்கை முறையாகப் பயிற்சி பெற்று உரிமம் வாங்கியவள். பிள்ளைகளைப் பள்ளிக்கு நாள்தோறும் அவளே அழைத்துச் செல்கிறாள். உம்மாவுக்கோ இது ரியாத் வந்த பிறகுதான் தெரியும். தெரிந்த நாள்முதல் அதனைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. கீழக்கரையில் இவளுக்குப் பத்து வயதானபோது, வாடகைச் சைக்கிள் ஓட்டினாள் என்பதற்காக ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே விடாதவர்கள் அவர்கள். இப்போது, "ஆம்பளை ரெண்டு பேரு இருக்கையில நீ எதுக்கும்மா? பேசாம இரு" என்றார்கள். தங்கை பேசாமல் இருந்தாள். மச்சானும் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டார்.

முவைஹ் என்னுமிடத்தில் நண்பகல் தொழுகை. ஷாஃபிஈ மத்ஹபினரான நாங்கள் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். என் மனைவி திண்டுக்கல் பக்கத்தவர், ஹனஃபீ மத்ஹபினர். இரண்டையும் சேர்ப்பதை அவர் ஏற்பதில்லை. ஆகவே அஸருக்கென்று தனியே ஒருமுறை வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த நிறுத்தத்தில்தான் மச்சான் காரைவிட்டு இறங்கி, நாற்பது நிமிடம் ஆழ்ந்து உறங்கினார். இமாம்களின் கருத்து வேற்றுமை சமுதாயத்திற்கு அருள் என்று நாங்கள் வகுப்பில் சொல்வதுண்டு.

மாலை மங்கும் நேரத்தில் தாயிஃப் வந்து சேர்ந்தோம். கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் உயர்ந்த நகர். ரோஜாவுக்குப் பெயர் பெற்ற அவ்வூரில், நாங்கள் சென்றது பூக்கும் பருவத்திற்குச் சில வாரங்கள் முன்னர். குளிர் மட்டுமே கிடைத்தது.

தாயிஃபில் நிற்கும் எவருக்கும் நெஞ்சில் ஒரு பாரம் வந்து அமராமல் இராது. நபித்துவத்தின் 10ஆம் ஆண்டு. அன்னை கதீஜா (ரலி) அவர்களும் பெரிய தந்தை அபூதாலிபும் மறைந்த பின், மக்காவில் ஆதரவற்ற நிலையில், நபி (ஸல்) அவர்கள் ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களை உடன் அழைத்துக்கொண்டு இந்நகருக்கு வந்தார்கள். ஸகீஃப் குலத் தலைவர்களான மூன்று சகோதரர்களும் ஏளனம் செய்து மறுத்தனர். வீணர்களையும் சிறுவர்களையும் ஏவிக் கல்லெறியச் செய்தனர். திருப்பாதங்கள் குருதியில் நனைந்தன. ஒரு திராட்சைத் தோட்டத்தின் நிழலில் ஒதுங்கியபோது, நீனவா நகரத்தவரான அத்தாஸ் என்ற கிறிஸ்தவ அடிமை ஒரு திராட்சைக் குலையைக் கொண்டுவந்து கொடுத்தார். 'யூனுஸின் ஊர்க்காரரா நீர்?' என்று நபியவர்கள் கேட்க, அந்த அடிமை வியந்து நின்ற செய்தியை வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

பின்னர் கவலையோடு நடந்து, கர்னுஸ் ஸஆலிப் என்ற இடத்தை அடைந்தபோதுதான் தமக்கு உணர்வு திரும்பியதென அவர்களே ஆயிஷா (ரலி) அவர்களிடம் கூறியதாக புகாரியில் உள்ளது. மலைகளின் வானவர் வந்து, விரும்பினால் இரு மலைகளை இம்மக்கள் மீது கவிழ்த்துவிடுவதாகச் சொன்னதும், இவர்களின் சந்ததியாவது அல்லாஹ்வை மட்டும் வணங்கக்கூடும் என்று அண்ணலார் மறுத்ததும் அவ்விடத்தில்தான். கர்னுல் மனாஸில் என்னும் மீக்காத் எல்லையும் அதுவே. இன்று ஸைலுல் கபீர் என வழங்குகிறது. வரும் வழியில் நக்லாவில் தங்கியதையும் நோக்கினால், அண்ணலார் திரும்பியது ஸைல் பக்கத்து வழியே என்பது விளங்கும். அல்ஹதா வழியன்று. இதனைச் சொல்லக் காரணம், அல்ஹதா வளைவுகளைக் காட்டி, 'இதுதான் நபிகள் நடந்த பாதை' என்று சிலர் உறுதியாகக் கூறுவதைக் கேட்டேன். மலைச்சுவர் ஒன்றே, பாதை வேறு.

மறுநாள் காலை, நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் பெயர் தாங்கிய பள்ளியில் தொழுதோம். ஹிஜ்ரி 68இல் அவர்கள் மறைந்தது தாயிஃபில்தான். அதன்பின் அல்ஹதாவுக்கு அருகிலுள்ள வாதி மஹ்ரம் பள்ளிக்குச் சென்று குளித்து இஹ்ராம் கட்டினோம். கர்னுல் மனாஸில் பள்ளத்தாக்கின் மேற்பகுதியே வாதி மஹ்ரம் என்பதால் அதுவும் மீக்காத்தாகக் கொள்ளப்படுகிறது. ஆண்கள் தைக்காத இரு துணிகளில். பெண்கள் முகத்திரையும் கையுறையும் நீக்கி. நிய்யத்தும் தல்பியாவும் முடிந்தன. இனி மக்கா வரை தடைகள் பல. ஒரு புறாவைக்கூட விரட்டலாகாது.

மலை விளிம்புக்கு வந்தபோது பனிமூட்டம் சூழ்ந்திருந்தது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பயணித்தோர் உங்களில் இருக்கலாம். அல்ஹதாப் பாதையை அதனோடு ஒப்பிடலாம். ஆனால் இங்கே மரம் இல்லை. மறைப்பதற்கு ஒன்றுமில்லாத மொட்டைப் பாறை. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் நின்று பார்த்தால், கீழே செல்லவேண்டிய சாலை முழுவதும் சுருள் சுருளாக விரித்து வைக்கப்பட்டிருக்கும். இறங்கும் பாதையும் ஏறும் பாதையும் தனித்தனியே அமைந்தவை. பார லாரிகளுக்கு அனுமதி இல்லை. அவை ஸைல் வழியே செல்ல வேண்டும். மழை கடுமையானால் பாதையை மூடிவிடுவர். அன்று மூடவில்லை.

ஐந்தாறு வளைவுகள் இறங்கியிருப்போம். மூட்டம் ஓரிடத்தில் விலக, இடப்புறம் ஆகாயமும் அதன் அடியில் பள்ளத்தாக்கும் திடீரெனத் தோன்றின. மச்சான் பேச்சை நிறுத்தினார். அவர் கை ஸ்டியரிங்கை இறுகப் பற்றியிருந்தது, நெற்றியில் வியர்வை. கால் பிரேக்கைவிட்டு எழவேயில்லை. கருகிய வாடை ஒன்று உள்ளே வந்தது. "மச்சான், எனக்குத் தலை சுத்துது" என்றார் மெதுவாக. பாலைவனத்தில் எண்ணூறு கிலோ மீட்டர் ஓட்டிவந்த மனிதருக்கு உயரத்தைக் கண்டால் ஒவ்வாது என்பதை அவரே அன்றுதான் அறிந்தார். அல்லாஹ்வின் கிருபை, அடுத்த வளைவிலேயே வண்டி நிறுத்தும் அகன்ற இடம் ஒன்று இருந்தது. அங்கே நிறுத்திவிட்டார்.

நிலைமையை எண்ணிப் பாருங்கள். இறங்கும் பாதையில் திரும்பி மேலே போக இயலாது. என்னிடம் இந்திய உரிமம் இருந்தது. அந்நாட்டில் ஓட்டுவதற்கான அனுமதி இல்லை. அனைவரும் இஹ்ராமில். சக்கரத்தின் அருகே கையை நீட்டினால் அனல். கைப்பிடிச் சுவரின் மீது பத்திருபது பபூன் குரங்குகள் அமர்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. பிள்ளைகள் பிஸ்கட் பொட்டலத்தை எடுக்க, 'உணவளிக்கக் கூடாது' என்ற பலகையைக் காட்டித் தங்கை தடுத்தாள்.

அருகில் நின்றிருந்த டாக்சியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர், மலையிலேயே பிறந்தவர். மதரஸாவில் கற்ற உருது அன்று கைகொடுத்தது. வாடையை முகர்ந்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. விடாமல் அழுத்தினால் பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடிமானம் இழக்கும். சூடு மிகுந்தால் பிரேக் எண்ணெயும் கொதித்து, மிதித்தாலும் வண்டி நிற்காது. அரை மணி நேரம் ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், பிறகு தாழ்ந்த கியரில் போட்டு எஞ்சினைக் கொண்டே வண்டியை அடக்குங்கள், வளைவுக்கு முன்னர் மட்டும் பிரேக்கை அழுத்தி விட்டுவிடுங்கள் என்று அவர் விளக்கினார். "எங்க கொடைக்கானல் பஸ்ஸுல டிரைவர் இப்படித்தான் உறுமிக்கிட்டே எறக்குவாரு" என்றார் என் மனைவி. அரபு நாட்டு மலையில் திண்டுக்கல் பேருந்து நிலையத்தின் அறிவு ஒத்துப்போனதில் எனக்குச் சற்றுத் தெம்பு வந்தது.

'யார் ஓட்டப் போகிறார்?' என்று பெரியவர் கேட்டார். மச்சான் தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். யாரும் விடை சொல்லவில்லை. தங்கை உம்மாவைப் பார்த்தாள்.

நபி (ஸல்) அவர்கள் குறைஷிப் பெண்களைப் புகழ்ந்ததாக புகாரியில் ஒரு செய்தி உண்டு. ஒட்டகத்தில் சவாரி செய்யும் பெண்களில் சிறந்தவர்கள் என்றும், பிள்ளைகள் மீது பெரும் பரிவுடையவர்கள் என்றும் அதில் வருகிறது. பல்லாண்டுகளாக நான் பாடம் நடத்திவரும் செய்தி. அதைச் சொல்லலாமென நான் வாயைத் திறப்பதற்குள் உம்மா காரைவிட்டு இறங்கி, என் பக்கத்துக் கதவைத் திறந்து, "நீ பின்னால போ வாப்பா. அவ பக்கத்துல நான் இருக்கேன்" என்றார்கள். பிறகு தங்கையிடம், "பிஸ்மி சொல்லி எடு. யாரு பின்னால ஒலி எழுப்புனாலும் அவசரப்படாதே" என்றார்கள்.

கியர் பிடியை 'எல்' என்னும் எழுத்துக்குத் தள்ளித் தங்கை வண்டியை எடுத்தாள். எஞ்சின் உறுமிற்று. வேகமுள் முப்பதைத் தாண்டவில்லை. ஸ்வாத்துப் பெரியவர் தம் டாக்சியை எங்களுக்கு முன்னே செலுத்தி, நாங்கள் பின்தொடரும் வேகத்தில் மெல்லச் சென்றார். அவருக்கும் பிழைப்பு உண்டு, காத்திருக்கும் பயணிகள் உண்டு. ஆயினும் மலையடி வரை அவ்வாறே வந்தார். பின்னால் வந்தவர்கள் ஒலியெழுப்பினர். சிலர் முந்திச் சென்றனர். ஒரு வளைவில் பபூன் ஒன்று குட்டியைச் சுமந்துகொண்டு சாலையின் நடுவே வந்து நின்றது. தங்கை பிரேக்கை அழுத்திய கணத்தில் நாங்கள் அனைவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். வண்டி நின்றது. குரங்கு நிதானமாகக் கடந்து சென்றது. 'இஹ்ராமில் இருக்கோம்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு' என்றான் தங்கையின் மகன்.

உம்மா சாலையைப் பார்க்கவேயில்லை. தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு வளைவு முடியும்போதும் ஒரு ஸலவாத். எத்தனை என்று நான் எண்ணவில்லை. மூட்டம் மேலே நின்றுவிட்டது. காது அடைத்துத் திறந்தது. குளிருக்காகப் போர்த்தியிருந்த துணி கனத்தது. அல்கர் என்னும் மலையடியில் சாலை விரிந்து நேரானதும் டாக்சிப் பெரியவர் கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டு விரைந்து சென்றார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. உம்ராவின் துஆவில் 'ஸ்வாத்துக்காரர்' என்றே உம்மா அவரைக் குறிப்பிட்டார்கள்.

வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்தோம். மச்சானுக்குத் தலைச்சுற்றல் தெளிந்திருந்தது. சாவிக்காகக் கையை நீட்டினார். 'மக்கா வரைக்கும் அவளே ஓட்டட்டும்' என்று உம்மா சொல்லிவிட்டார்கள். அரஃபாத் பெருவெளியின் அருகே சாலை சென்றபோது தல்பியா தானாகவே உரத்தது. ஹஜ்ஜுடைய நாளில் இலட்சக்கணக்கானோர் நிற்கும் அந்த இடம் அன்று வெறுமையாய், வேப்ப மரங்களோடு அமைதியாக இருந்தது. நகருக்கு வெளியேயுள்ள வாகன நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டுப் பேருந்தில் ஹரம் சேர்ந்தோம். லுஹர் பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. தவாஃபும் ஸஈயும் அஸருக்கு முன்னரே நிறைவேறின, அல்ஹம்துலில்லாஹ்.

காரில் செல்ல எண்ணும் வாசகர்களுக்கு ஒன்று. மலைப்பாதையில் பழக்கமில்லாதவர்கள் தாயிஃபிலிருந்து ஸைலுல் கபீர் வழியே இறங்கலாம். தொலைவு சற்றே கூடும். ஆனால் சரிவு இதமானது, மீக்காத்தும் வழியிலேயே இருக்கிறது. அல்ஹதாவில் இறங்கத்தான் வேண்டுமென்றால் பகலில், மழையற்ற நாளில், பிரேக்கைச் சோதித்த பின் இறங்குங்கள். உயரம் ஒவ்வாதவர் யார் என்பதை விளிம்புக்கு வருமுன்னரே அறிந்துகொள்ளுங்கள்.

திரும்பும்போது நாங்கள் ஸைல் வழியாகவே ஏறினோம். மச்சான் ஓட்டினார். முவைஹுக்கு அப்பால் தங்கை இருநூறு கிலோ மீட்டர் ஓட்டினாள். அந்த இருநூறு கிலோ மீட்டரும், வரும்போது ஒரு கணமும் கண்ணயராத உம்மா, நடு இருக்கையில் என் மனைவியின் தோளில் சாய்ந்து உறங்கிக்கொண்டு வந்தார்கள்.